நகரசபை வாயிலும் நம் வீட்டுப் பெட்டியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. செயலாளர் அவர்களும் அதனையே எதிர்பார்த்திருப்பார். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் காவியமும் அன்று, கவிதையும் அன்று. மும்பை மாநகராட்சிக்குக் கவுன்சிலராக நிற்க விரும்பும் ஒருவர் என்னென்ன காகிதங்களைக் கொண்டு செல்ல வேண்டும் என்பதே என் பொருள். கேட்பதற்குச் சுவையற்றதாகத் தோன்றும். நடன நிகழ்ச்சிக்கும் விருந்துக்கும் இடையே இதைக் கேட்க வேண்டுமா என்று பின் வரிசையில் இருக்கும் இளைஞர்கள் முணுமுணுப்பதும் என் செவியில் விழுகிறது. அவர்களுக்காகவே பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம்மவர் இந்நகருக்கு வந்து மூன்று தலைமுறை, சில குடும்பங்களில் நான்கு தலைமுறை கடந்துவிட்டது. தாராவியில் தோல் பதனிட்டோர், மாதுங்காவில் அலுவலகக் குமாஸ்தாக்களாக வாழ்ந்தோர், சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் குடியமர்ந்தோர் என்று பல வகையினர் நாம். குழாயில் நீர் வராவிட்டால், சாக்கடை அடைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் தெருவே ஆறாக ஓடினால், நாம் செல்வது தில்லிக்கன்று, மாநகராட்சிக்கே. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளையும் அம்மாநகராட்சியே நடத்தி வருகிறது. அப்பள்ளிகளின் நலனைப் பற்றிக் கேள்வி எழுப்பும் இடமும் அந்த மன்றமேயாகும். நம் அன்றாட வாழ்வை இவ்வளவு நெருங்கித் தொடும் மன்றத்தை நாம் வெளியிலிருந்தே பார்த்துப் பழகிவிட்டோம்.

அம்மன்றத்தில் 227 இடங்கள் உள. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி மும்பையில் வாழ்வோர் 1 கோடியே 24 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு வார்டுக்குச் சராசரி 55 ஆயிரம் பேர். ஒரு பெரிய காலனியும் அதனை அடுத்த நாலைந்து தெருக்களும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு வார்டு ஆகிவிடுகிறது. 2017ஆம் ஆண்டுத் தேர்தலில் 220ஆம் வார்டில் இருவர் ஆளுக்கு 5,946 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றனர். பின்னர்ச் சீட்டெடுத்தே வெற்றி முடிவு செய்யப்பட்டது. ஒரே ஒரு குடும்பம் அன்று கூடுதலாக வாக்களித்திருந்தால் சீட்டுக்கு வேலையே இருந்திராது.

அந்த மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிவுற்றது. அதன்பின் ஏறக்குறைய நான்காண்டுக் காலம் மும்பைக்குக் கவுன்சிலர்களே இல்லை. அரசு அமர்த்திய நிர்வாகியே எல்லாவற்றையும் நடத்தினார். பிற்பட்ட வகுப்பினர் ஒதுக்கீடு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நீண்டது. 2025 மே மாதம் அந்நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகே வழி திறந்து, 2026 ஜனவரி 15ஆம் நாள் வாக்குப்பதிவு நடந்தது. மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு என்று அரசியலமைப்புச் சட்டம் வரையறுத்திருத்தலின், அடுத்த தேர்தல் 2031ஆம் ஆண்டு வாக்கில் வருதல் வேண்டும். ஆகவே நமக்குக் கையில் அவகாசம் இருக்கிறது. அவகாசம் இருக்கும்போதே இதைப் பேசுவதற்குத் தக்க காரணமும் உண்டு. அக்காரணத்தைச் சற்றுப் பின்னர் விளக்குவேன்.

ஊராட்சிக்கு ஆள் தேர்வதும், தேரப்படுவோர்க்குத் தகுதி வகுப்பதும் தமிழர்க்குப் புதியன அல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டை நீங்கள் யாவரும் அறிவீர்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றது அது. குடத்தில் ஓலையிட்டு எடுத்த செய்தியைத்தான் எல்லோரும் மேடைகளில் பெருமையாகப் பேசுவர். நான் பெருமைப்படுவது வேறொரு பகுதியைக் குறித்து. இறை செலுத்தும் நிலம் உடையவனாக இருத்தல் வேண்டும், தன் சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும் என்று விதித்த அச்சபையார், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையில் சேர்க்கலாகாது என்று விலக்கினர். அது சாதாரண மக்கள் எல்லோர்க்கும் திறந்திருந்த சபை அன்று. பிரமதேய ஊர்ச் சபை. அதனையும் மறவாமல் சொல்லவேண்டும். எனினும், கணக்குக் காட்டாதவன் மன்றம் ஏறலாகாது என்ற விதி ஆயிரம் ஆண்டு கடந்து மும்பைச் சட்டத்திலும் நிற்பதைப் பின்னர்க் காட்டுவேன்.

மும்பையின் சட்டமும் பழையதே. 1872ஆம் ஆண்டில் இங்கு மாநகராட்சி மன்றம் அமைந்தது. அன்று வரி செலுத்துவோர்க்கே வாக்கு. இன்றும் நடைமுறையில் இருப்பது 1888ஆம் ஆண்டின் சட்டம். பல்கால் திருத்தப்பட்டதாயினும் அடிப்படை அதுவே. அந்நாளில் மாநகராட்சிக்காகப் பெரிதும் உழைத்த பிரோஸ்ஷா மேத்தாவின் சிலை மாநகராட்சிக் கட்டடத்தின் முன் நிற்பதைப் போரிபந்தர்ப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்ற முறையில் 1948இல் தேர்தல் நடந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தபின் 21 வயது நிரம்பியவர் கவுன்சிலராக நிற்கலாம். சட்டமன்றத்துக்கு 25 வயது வேண்டும். நகரமன்றத்துக்கு 21 போதும். கல்லூரி விட்டு வெளிவந்த நம் பிள்ளைகளுக்கு முதலில் திறக்கும் கதவு இதுதான்.

இனிக் காகிதங்களுக்கு வருவோம்.

முதற் காகிதம் வாக்காளர் பட்டியல். வேட்பாளர் தாம் நிற்கும் வார்டிலேயே வாக்காளராக இருத்தல் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. நகரின் எந்த வார்டுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தாலும் போதும். ஆனால் அவரை முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அவர் போட்டியிடும் அந்த வார்டின் வாக்காளராகவே இருத்தல் வேண்டும். செம்பூரில் வாழ்பவர் தாராவியில் நிற்கலாம். முன்மொழியச் செம்பூரிலிருந்து மைத்துனரை அழைத்துச் செல்லலாகாது. மாநகராட்சிக்கெனத் தனியாகப் பெயர் சேர்ப்பதும் கிடையாது. சட்டமன்ற வாக்காளர் பட்டியலையே எடுத்து வார்டு வார்டாகப் பிரிக்கின்றனர். அதுவும் மாநிலத் தேர்தல் ஆணையம் குறிக்கும் ஒரு நாளில் இருந்த பட்டியல். 2026 தேர்தலுக்கு 2025 ஜூலை முதல் தேதிப் பட்டியல் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகஸ்டில் விழித்துக்கொண்டு 6ஆம் எண் படிவம் கொடுத்தவர், ஜனவரியில் வாக்களிக்கவும் இயலாது, நிற்கவும் இயலாது. வீடு மாறியவர்க்கு 8ஆம் எண் படிவம். சால்களை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பும் காலம் இது. இடைக்காலத்தில் வேறெங்கோ வாடகைக்குப் போகிறவர்கள் பட்டியலை நினைப்பதே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பழைய கட்டடமும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை.

பட்டியலில் இருந்தால் மட்டும் போதுமோ? எந்தப் பெயரில் இருக்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். இவ்விடத்தில் நம்மவர்க்கென்றே தனியாக ஒரு தொல்லை உண்டு. இந்நாட்டில் பெயர் எழுதும் முறை, தன் பெயர், தந்தை பெயர் அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று படி. நமக்கோ தலையெழுத்து ஒன்று, பெயர் ஒன்று. சுப்பையா மகன் முருகன் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊரில் அவர் எஸ். முருகன். இங்கே பள்ளியில் சேர்த்தபோது முருகன் சுப்பையா. வருமானவரி அட்டையில் சுப்பையா முருகன். ரேஷன் கார்டில் எழுதிய குமாஸ்தா குடும்பப் பெயர் கேட்டு வற்புறுத்தியதால், அவருடைய பாட்டனார் ஊரில் விட்டுவிட்டு வந்த சாதிப் பெயரும் பின்னால் ஒட்டிக்கொண்டது. வங்கியிலோ எஸ் என்ற எழுத்தை வேறு ஏதோ பெயராக விரித்துவிட்டார்கள். ஒரே மனிதர் ஐந்து பெயர்களில் நடமாடுகிறார். மணம் செய்துகொண்ட பெண்களின் நிலை இன்னும் சிக்கல். பிறப்புச் சான்றில் தந்தை பெயர், வாக்காளர் பட்டியலில் கணவர் பெயர், பள்ளிச் சான்றிலோ இரண்டும் இல்லாமல் வெறும் எழுத்து.

பட்டியல் மராத்தியில் அச்சாகிறது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். மராத்தி நல்ல மொழி; நம்மைப் போல் ளகரம் உடைய மொழி. எனினும் ழகரம் அதற்கு இல்லை. ஆகவே பழனி ஓரிடத்தில் பளனியாகவும் ஓரிடத்தில் பலனியாகவும் ஆகிறார். எழிலரசி என்ற பெயரை மராத்தியிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் அப்பெயருடைய அம்மையாருக்கே அடையாளம் தெரியாது. சிறு எழுத்துப் பிழைக்காக வேட்புமனுவைத் தள்ளலாகாது என்பது தேர்தல் சட்டங்களின் பொதுநெறி. ஆனால் எது சிறு பிழை, எது வேற்றாள் என்பதைப் பரிசீலனை மேசையில் தீர்மானிப்பவர் தேர்தல் அதிகாரி. எதிரில் நின்று ஆட்சேபம் எழுப்புபவர் போட்டி வேட்பாளரின் வழக்கறிஞர். அந்நேரத்தில் ழகரத்தின் சிறப்பை விளக்கிக்கொண்டிருக்க இயலாது. பெயர்களை ஒன்றாக்கிக்கொள்ளும் வேலையைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே செய்து முடித்தல் வேண்டும். வேண்டுவோர் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பும் செய்துகொள்ளலாம். இது தேர்தலுக்கு நிற்போர்க்கு மட்டுமன்று, ஓய்வூதியம் வாங்குவோர்க்கும் வாரிசுச் சான்று கேட்போர்க்கும் உதவும் என்பது உங்களில் பலர் பட்டறிந்த செய்தி.

அடுத்துக் கூறப்போவது மிக முக்கியமானது. நம் சமூகத்தில் பலர் மனம் புண்பட்டுப் பேசும் செய்தியும் இதுவே. ஆதலின் நிதானமாகக் கூறுகிறேன்.

227 இடங்களில் 15 இடங்கள் தாழ்த்தப்பட்டோர்க்கும், 2 இடங்கள் பழங்குடியினர்க்கும், 61 இடங்கள் பிற்பட்ட வகுப்பினர்க்கும் ஒதுக்கப்பட்டன. எந்த வார்டு யாருக்கு என்பது தேர்தலுக்குத் தேர்தல் சுழலும். கடந்த முறை 2025 நவம்பரில்தான் அதற்குச் சீட்டெடுத்தார்கள். ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்போர் சாதிச் சான்றிதழோடு, சாதிச் சரிபார்ப்புக் குழுவின் ஒப்புதற் சான்றும் தரவேண்டும். அச்சான்று கைக்கு வராதவர், விண்ணப்பித்ததற்கான ஆதாரத்தைக் காட்டி நிற்பதற்குச் சட்டம் இடைக்காலத்தில் இடமளித்ததுண்டு. ஆயினும் வென்ற பிறகு குறித்த காலத்துக்குள் சான்றைக் காட்டாவிடின் பதவி தானே போய்விடும்.

நம்மவர் கேட்கும் கேள்வி இதுதான்: “திருநெல்வேலியில் என் தந்தையார்க்குத் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்று இருக்கிறது. அதைக் காட்டி இங்கு ஒதுக்கப்பட்ட வார்டில் நிற்கலாமா?” இயலாது என்பதே விடை. அரசியலமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவுப்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஓர் ஊரில் ஒரு சாதிக்கு இருந்த இழிவும் இடர்ப்பாடும் வேறு மாநிலத்திலும் அவ்வண்ணமே இருக்கும் என்று கொள்வதற்கில்லை என்பது அதன் கருத்து. 1990லும் 1994லும் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. 2018இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும், பிழைப்புக்காக மாநிலம் மாறியவர் பழைய மாநிலத்தின் பட்டியலைப் புதிய மாநிலத்தில் காட்டிச் சலுகை கோரலாகாது என்றே தீர்ப்பளித்தது. சட்டத்தின் கருத்து அதுவாயினும், தாராவிச் சேரியில் வந்து குடியேறியவனை இழிவு ஊரிலேயே விட்டுவிட்டு வந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாம் பேசுவது மனத்தைப் பற்றியன்று, மேசையில் வைக்கும் காகிதத்தைப் பற்றி.

இங்கேதான் ஒரு தேதி வந்து நிற்கிறது. தாழ்த்தப்பட்டோர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை பிறந்த நாள் 1950 ஆகஸ்டு 10. அந்நாளில் இந்நிலப்பகுதியிலேயே நிலையாக வாழ்ந்துகொண்டிருந்த குடும்பத்தின் வழிவந்தோர், தம் சாதி மகாராஷ்டிரத்தின் பட்டியலிலும் இருக்குமாயின், இங்கேயே சான்று கோரலாம். பிற்பட்ட வகுப்பினர்க்கு மகாராஷ்டிரத்தில் கொள்ளும் நாள் 1967 அக்டோபர் 13. ஆக, பாட்டனார் 1946இல் வந்தாரா, 1952இல் வந்தாரா என்ற ஒரு கேள்வியில் பேரப்பிள்ளையின் வழி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

பாட்டனார் எப்போது வந்தார் என்பது நம் வீடுகளில் எல்லோர்க்கும் தெரியும். சண்டை முடிந்த மறு ஆண்டு வந்தார் என்பர்; பெரிய அத்தை பிறந்த ஆண்டு வந்தார் என்பர். குழு கேட்பது கதையை அன்று, எழுத்தை. பாட்டனாரின் அல்லது அவருடன் பிறந்தோரின் பள்ளி விடுகைச் சான்று, அவர்கள் சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகல், ஆலையிலோ ரயில்வேயிலோ துறைமுகத்திலோ பணியாற்றிய பதிவு, அந்நாளைய வாடகை ரசீது, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவையே பேசும். மாநகராட்சிப் பள்ளியில் 1948இல் ஒரு சிறுமியைச் சேர்த்த பதிவேட்டின் ஒரு வரி, இன்று அவள் தம்பியின் பேரனை மன்றத்துக்கு அனுப்பக்கூடும். அத்தகைய காகிதங்கள் நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் இருந்தன. பல குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. 2005 ஜூலை 26ஆம் நாள் பெய்த பெருமழையில் இந்நகரில் எத்தனையோ வீடுகளின் பெட்டிகள் நனைந்து போயின. எஞ்சியவற்றையேனும் காப்பாற்றுங்கள். வீடு மாறும்போது “இந்தப் பழைய குப்பை எதற்கு?” என்று மருமகள் கேட்டால், மாமியார் இம்முறை விட்டுக்கொடுக்க வேண்டா.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாதி பிறப்பால் வருவதாகவே சட்டம் கொள்கிறது, மணத்தால் அன்று. தமிழ்நாட்டிலிருந்து மணமாகி இங்கு வந்த பெண், கணவர் குடும்பத்துக்கு இங்குச் சான்று இருக்கிறது என்பதற்காக ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்றல் இயலாது. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்குத் தந்தை வழிக் காகிதமே துணை. எனவே பெண்ணை மணம் செய்து கொடுக்கும்போது சீர்வரிசையோடு தந்தையாரின் பழைய காகித நகல்களையும் ஒரு கோப்பில் கட்டிக் கொடுப்பது நன்று.

ஆனால் இதைக் கேட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். ஒதுக்கீடு செய்த 78 இடங்கள் போக மீதி 149 இடங்கள் பொது இடங்கள். அவற்றுக்குச் சாதிச் சான்றே வேண்டா, எவரும் நிற்கலாம். அந்த 149இல் 74 இடங்கள் பெண்களுக்கு. மன்றம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 227இல் 114 பெண்களுடையவை. பாதிக்கும் ஓர் இடம் மிகுதி! நம் சங்கத்தின் மாதர் பிரிவில் கணக்கு எழுதுவோர், விழா நடத்துவோர், ஆட்களைத் திரட்டுவோர் எத்தனை பேர்! சங்கத்துத் தேர்தலில் அவர்கள் காட்டும் திறமையில் பத்தில் ஒரு பங்கு வார்டில் காட்டினால் போதும் என்பது என் துணிபு. (சிரிப்பு.) நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அம்மா.

தகுதியின்மைகள் சில உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். மகாராஷ்டிரத்தில் இரண்டு பிள்ளை விதி ஒன்று இருக்கிறது. 2001 செப்டம்பர் 12ஆம் நாளுக்குப் பிறகு மூன்றாம் பிள்ளை பெற்றவர் நிற்கலாகாது. அந்நாளுக்கு முன்னரே மூன்று நான்கு பெற்றவர்க்குத் தடை இல்லை. ஒரு பிள்ளைக்குப் பின் இரட்டைப் பிள்ளைகள் ஒரே பேற்றில் பிறந்தால் அவ்விருவரையும் ஒருவராகவே சட்டம் எண்ணுகிறது. மாநகராட்சிக்குச் செலுத்த வேண்டிய பாக்கியைக் கேட்பு வந்தும் செலுத்தாதவர், மாநகராட்சியோடு ஒப்பந்தத் தொடர்பு உடையவர், தாமோ மனைவியோ கணவரோ அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பியவர் ஆகியோர்க்கும் தடை உண்டு. கடைசியில் சொன்னதை அலட்சியம் செய்யவேண்டா. மாடத்தை அடைத்து அறையாக்கியதும், கடை முன் தகரம் நீட்டியதும், எதிரியின் கையில் அன்றைக்கு ஆயுதமாகும்.

பிரமாணப் பத்திரம் ஒன்று தரவேண்டும். தம்மீதுள்ள குற்ற வழக்குகள், தம் சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அதில் அறிவிக்க வேண்டும். 2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வாக்காளர்க்குக் கிடைத்த உரிமை இது. வாக்குப் போடுமுன் ஆளை அறிந்துகொள்ளும் உரிமை. இதில் நம்மவர் செய்வது, தமக்குப் பொருந்தாத கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுவது. கடன் இல்லை, ஆதலால் கடன் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை என்பர். சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் பற்றிய 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வெற்றிடம் விட்ட பத்திரத்தை அதிகாரி நினைவூட்டியும் நிரப்பாவிடில் மனுவைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இல்லாததை “இல்லை” என்று எழுதுங்கள். வாய்மூடி இருப்பது அடக்கம் என்று நமக்குக் கற்பித்தார்கள். பிரமாணப் பத்திரத்தில் அது குற்றம்.

வைப்புத்தொகை சில ஆயிரம் ரூபாய்தான். நடுத்தரக் குடும்பம் கண்டு அஞ்சத்தக்க தொகையன்று.

அவகாசம் இருக்கும்போதே பேசவேண்டிய காரணம் ஒன்று உண்டு என்றேன் அல்லவா? 2026 தேர்தலின் நாட்காட்டியைக் கேளுங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டது 2025 டிசம்பர் 15. வேட்புமனுக்கள் பெற்றது டிசம்பர் 23 முதல் 30 வரை. இடையே கிறிஸ்துமஸ் விடுமுறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தன. பரிசீலனை 31. வாபஸ் பெற இறுதி நாள் ஜனவரி 2. சின்னம் வழங்கியது 3. வாக்களிப்பு 15. எண்ணிக்கை 16. அறிவிப்பிலிருந்து மனுக் கொடுக்கும் கடைசி நாள் வரை இரண்டு வாரமும் ஒரு நாளுமே! சாதிச் சரிபார்ப்புக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் மாதங்கள் ஆகும். சில வேளை ஆண்டுகளும் ஆகும். பதினைந்து நாளில் பாட்டனாரின் பள்ளிப் பதிவேட்டைத் தேட முடியுமா? கட்சியின் பெயரால் நிற்போர்க்கு இன்னொரு நெருக்கடி. கட்சி அவர்களைத் தம் வேட்பாளர் என்று ஒப்புக்கொள்ளும் தாள்கள் இரண்டு உண்டு. மும்பையில் அதனை ‘ஏ பி பாரம்’ என்பர். கடைசி நாள், கடைசி மணி வரை அதனைக் கையில் கொடாமல் கட்சிகள் இழுத்தடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்நேரத்தில் மற்றக் காகிதங்களெல்லாம் சீராக இருப்பவரே நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

மனுக் கொடுக்கும் முறையும் தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறது. 2017இல் ஆணையத்தின் கணினித் தளத்தில் நிரப்பி, அச்செடுத்து, ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆதலின் அவ்வப்போதைய அறிவிப்பைப் படிக்காமல் பழைய அனுபவத்தை நம்பிச் செல்லலாகாது.

மனு தள்ளப்பட்டால் உடனே உயர்நீதிமன்றத்துக்கு ஓடித் தேர்தலை நிறுத்திவிடலாம் என்று சிலர் எண்ணுவர். தேர்தல் விவகாரத்தைத் தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுவின் வாயிலாகவே எழுப்ப வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே கூறுகிறது. மும்பையில் அம்மனுவை விசாரிப்பவர் சிறுவழக்கு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. அதனைத் தாக்கல் செய்யச் சட்டம் தரும் நாட்களும் மிகச் சிலவே. வழக்கு முடிவதற்குள் மன்றத்தின் ஆயுளே முடிந்துவிடுவதும் உண்டு. மேசையில் இழந்ததை மன்றில் மீட்பது அவ்வளவு எளிதன்று.

கணக்கைப் பற்றிச் சொல்வேன் என்றேன். மும்பையில் ஒரு வேட்பாளர் செய்யத்தக்க செலவுக்கு வரம்பு உண்டு. 2017இல் அது 10 லட்சம் ரூபாய். 2026இல் 15 லட்சம். இதைக் கேட்டதும் அத்தனை பணத்துக்கு எங்கே போவது என்று எண்ணாதீர்கள். அது மேல் வரம்பே தவிர, செலவிட்டே தீரவேண்டிய தொகையன்று. செலவுக் கணக்கை நாள்தோறும் எழுதி, முடிவு வெளிவந்த 30 நாட்களுக்குள் ஒப்படைத்தல் வேண்டும். தோற்றவரும் ஒப்படைத்தல் வேண்டும்! தோற்றுவிட்டோமே, கணக்கு எதற்கு என்று சும்மா இருந்தவர்களைத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டு வரை தகுதியற்றவர்களாக அறிவிக்கலாம். உத்திரமேரூர்ச் சபையார் உறவினரையும் சேர்த்து விலக்கினர். இக்காலச் சட்டம் உறவினரை விட்டுவைத்தது.

“நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கேன் இந்த வம்பு?” என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் வந்த காலத்தில் அவ்வாறு எண்ணியது இயல்பே. மணியார்டர் அனுப்பிவிட்டு, ஊரில் வீடு கட்டி, முதுமையில் திரும்பிவிடலாம் என்றிருந்த காலம் அது. இன்று அவர் பேத்தி இங்கே பிறந்தவள். மராத்தி தாய்மொழி போல் பேசுகிறாள். ஊருக்குப் போனால் நாலாம் நாளே திரும்பவேண்டும் என்கிறாள். அவளுக்கு இது பிழைக்க வந்த ஊர் அன்று. தமிழர்க்கென்று தனிக் கட்சி கட்ட வேண்டும் என்றோ, தமிழர் தமிழர்க்கே வாக்களிக்க வேண்டும் என்றோ நான் கூறவில்லை. அது இந்நகர மக்களோடு நமக்குள்ள நல்லுறவுக்கு ஏற்றதும் அன்று; 55 ஆயிரம் பேர் வாழும் வார்டில் நடக்கக்கூடியதும் அன்று. மராத்தியரும் குஜராத்தியரும் உத்தரப் பிரதேசத்தாரும் நம்பி வாக்களிக்கத்தக்க ஒருவர் நம் காலனியில் இருந்து, அவர் மனு ஒரு காகிதக் குறையால் தள்ளப்படுமாயின், அக்குறை நம் எல்லோருடையதும் ஆகும்.

சங்கம் எந்தக் கட்சிக்கும் உரியதன்று. இனியும் அவ்வாறே இருக்கும். ஆயினும் காகிதம் திரட்டுதல் எக்கட்சிக்கும் பொதுவான வேலை. செயற்குழுவில் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த மாதம் முதல் ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை, சங்க நூலகத்தில் நம் இளைஞர்கள் இருவர் கணினியோடு அமர்ந்திருப்பார்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் வீட்டார் ஒவ்வொருவர் பெயரும் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். திருத்தம் வேண்டுமாயின் படிவம் நிரப்பித் தருவார்கள். தாத்தா பாட்டி காலத்துக் காகிதம் எதுவாயினும், கிழிந்திருந்தாலும் மங்கியிருந்தாலும், எடுத்துவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அங்கேயே உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுவோம். வரும்போது மாலை நேரச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவர வேண்டா, மை ஒட்டிக்கொள்கிறது. ஒரு நெகிழி உறையில் இட்டுக் கொண்டுவந்தால் போதும்.